இரண்டு அவித்த முட்டை

வைன் ஆலையிலிருந்து கோழித்தீனி கொண்டுவந்த அந்த உத்தியோகத்தரை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. ஆரையம்பதி வெயிலிலும் பளபளக்கும் சப்பாத்து, மடிப்புக் கலையாத சேட். தீனிச் சாக்கைத் தொட்ட ஒவ்வொரு தடவையும் விரல்களை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பார்.

ஆலை கழுவிய தண்ணீர் முன்பு வாவிக்குள் போய் நாறியது. இப்போது அதில் நுண்ணுயிர்களை வளர்த்து, காயவைத்துத் தூளாக்கி, எங்கள் வீடுகளுக்கு இலவசமாகத் தருகிறார்கள். வாவிக்குள் ஊற்ற முடியாததை எங்கள் கோழிகளுக்குள் ஊற்றுகிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது.

“நம்மட தயிர்ல இருக்கிற மாதிரி நல்ல கிருமிதான் தங்கச்சி,” என்றார்.

“தயிருக்கு நாங்க எருமப்பால்தானே சேர் ஊத்துற. வைன் கழுவின தண்ணியா ஊத்துற?”

அவர் சிரித்து மழுப்பினார்.

கோழிகள் அதைத் தின்று நிறைய முட்டையிட்டன. ஒரு வயது மகளுக்கு அந்த முட்டையைக் கொடுப்பதா, கொடுக்காவிட்டால் சத்துக் குறையுமா என்று நான் குழம்பிக்கொண்டிருந்தேன். அவர் மறுபடி வந்தபோது அதில் இரண்டை அவித்து முன்னால் வைத்தேன். மறுப்பார், அத்தோடு வண்டவாளம் வெளியே வந்துவிடும் என்று பார்த்திருந்தேன். மிளகுத்தூள் கேட்டு வாங்கி, இரண்டையும் ரசித்துச் சாப்பிட்டார்.

“பிள்ளைக்குக் குடுத்தீங்களா?”

“இன்னும் இல்ல சேர்.”

“நல்லம்,” என்றார், விரல்களை மோந்தபடி. முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

வெட்கமில்லாத மனிதர் என்று அன்று மனதுக்குள் திட்டினேன். ஆனாலும் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை என்றதற்கு ‘நல்லம்’ என்று ஏன் சொன்னார் என்று இன்னும் யோசிக்கிறேன். கூடையில் முட்டைகள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன.