இருபத்தைந்து வருடக் கெடு

மூக்கண்டப்பள்ளி உலைக்கூடத்தில் ஜோதிமணி மறுபடி கால் வைத்தபோது, அவள் நிரல் எழுதும் வேலையை விட்டுப் பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. அவளோடு வேலை பார்த்த பாஸ்கரன் இறந்து மூன்று மாதம். எஃகுத் துண்டுகளைச் சுட்டுப் பதப்படுத்தும் அந்த உலையை ஓட்டும் நிரலை எண்பத்தொன்பதில் அவர்கள் இருவரும்தான் எழுதினார்கள். இந்த ஜனவரி முதல் தேதி, கணினித் திரையில் ‘தேதி தவறு’ என்று காட்டிவிட்டு, உலையைப் பற்றவைக்க அது மறுத்துவிட்டது.

“தேதியப் பின்னால தள்ளி ஓட்டிப் பாத்தோம் மேடம்,” என்றார் உலை ஓட்டும் மாதேஷ். “ஓடுச்சு. ஆனா ரிப்போர்ட்டுல பழைய வருசம் விழுந்துருச்சு. சரக்கு அப்பிடியே திரும்பி வந்துருச்சு.”

முதலாளி கோவிந்தப்பன் உட்காரவில்லை. “புது மிசினு வர ஆறு மாசம் ஆவும்ங்கறான் பெங்களூர்க்காரன். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள சரக்கு கெளம்பலன்னா ஆர்டர் போச்சு. நான் ராயக்கோட்டையில தக்காளி ஏத்தப் போயிருவேன். இந்தப் பதினாலு பேரு எங்கம்மா போவாங்க?”

அவள் வீட்டிலிருந்து மூல நிரலின் அச்சுப்பிரதியைக் கொண்டுவந்திருந்தாள். உலைக் கணினியில் இருந்ததோடு அது பொருந்தவில்லை. பொருந்தாது என்று பேருந்து ஏறும்போதே தெரியும்.

ஆரம்பத்தில் பிழை தேட அவர்களிடம் கருவி எதுவும் இல்லை. நிரலின் நடுநடுவே ‘இங்கே வந்தேன்’ என்று அச்சிடும் வரிகளைச் செருகுவார்கள். எந்த வரியோடு பேச்சு நின்றதோ அங்கே தேடுவார்கள். கணினியை இயக்கும் டாஸ் வட்டிலேயே டிபக் என்று ஒரு பிழை தேடும் கருவி கிடப்பதைப் பாஸ்கரன்தான் கண்டான். திறந்தால் திரையில் ஒரு சிறு கோடு, அவ்வளவுதான். கேட்டால் நினைவகத்தை இரண்டிரண்டு எழுத்து எண்களாகக் கொட்டும். அந்த எண்களை அவன் பேப்பர் படிப்பதுபோலப் படித்தான்.

தொண்ணூறுகளில், எழுதிய வரிகளையே காட்டி ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கும் வண்ணத்திரைக் கருவி வந்தது. அவள் அதற்கு மாறினாள். அவன் மாறவில்லை. “அது பாக்க நல்லாருக்கு ஜோதி. எனக்கு இந்தக் கோடு போதும்.” உலை நின்றால், ஓடும் நிரலிலேயே எண்ணை மாற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். மூல நிரலைத் திருத்தச் சொன்னால், “பொறவு எழுதிக்கலாம்.” அந்தப் பொறவு வரவே இல்லை.

ஒரு வழக்கம் மட்டும் அவனுக்கு உண்டு. திருத்திய இடத்தை ஒட்டி, காலியான பகுதியில் தன் பெயரின் முதல் மூன்று எழுத்தையும் தேதியையும் போட்டுவைப்பான். இப்போது அவள் டிபக்கைத் திறந்து, அந்த மூன்று எழுத்தைத் தேடச் சொன்னாள். பதினோரு இடம் வந்தது. கடைசி இடத்தின் தேதி செப்டம்பர் தொண்ணூற்றொன்பது.

அதற்கு மேலே 19 என்று இருந்தது. பதினாறு பதினாறாக எண்ணும் கணினிக் கணக்கில் அது இருபத்தைந்து. அதைப் பார்த்ததும் அவள் விரல் நின்றுவிட்டது. இரண்டாயிரம் பிறக்கப்போகிறது என்று எல்லோரும் பதறிய நாட்கள் அவை. வருடத்தை இரண்டே இலக்கத்தில் வைத்திருந்த நிரலுக்கு, எந்த எண் வரை புது நூற்றாண்டு, எதைத் தாண்டினால் பழைய நூற்றாண்டு என்று சொல்ல வேண்டியிருந்தது.

“எத்தன வைக்கட்டும்?” என்று அன்று பாஸ்கரன் திரும்பாமல் கேட்டான்.

“இருபத்தஞ்சு வையி. அதுக்குள்ள இந்தப் பொட்டி மண்ணாயிரும்,” என்றது அவள்தான்.

பெட்டி மண்ணாகவில்லை.

19ஐ அழித்து, ஐம்பதுக்கு உரிய 32ஐ வைத்தாள். வட்டில் எழுதச் சொன்னாள். எழுத முடியவில்லை என்றது. மறுபடி சொன்னாள். மூன்றாம் தடவை வட்டு கரகரவென்று தேய்ந்தது. அதற்குமேல் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது. ஃபிளாப்பி போடும் வாயில் தூசு அடைந்து எத்தனையோ வருடம். மணி மூன்றரை. வேறு வழியில்லாமல், நினைவகத்தில் இருந்ததை அப்படியே ஓடவிட்டாள்.

உலை பற்றிக்கொண்டது. அச்சுப்பொறி இந்த வருடத்தைப் போட்டது.

“ஓடுதுங்க மேடம்,” என்றார் மாதேஷ். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “கரண்ட் போனா?”

“போனா திருத்தினதும் போயிரும். திரும்ப அடிக்கணும். எழுதித் தர்றேன், கத்துக்கறீங்களா?”

“எனக்கு அந்தப் பொடி எழுத்து தெரியாதுங்க. நீங்களே வந்துருங்க.”

சனிக்கிழமை பராமரிப்புக்காக நாள் முழுக்க மின்தடை என்ற அறிவிப்பு அவர் தலைக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்தது. ஐந்துக்குள் சரக்கு கிளம்பியது. அடுத்த சுமை ஏற்ற, கணினியை அணைக்காமல் உலையை மட்டும் நிறுத்தினார்கள். மீண்டும் ஓடவிடும் முன், அவன் போட்ட தேதிக்குப் பக்கத்தில் கிடந்த காலியிடத்தில் அவள் தன் பெயரையும் அன்றைய தேதியையும் அடித்தாள். சனிக்கிழமை வரை இருக்கும்.