குட்டிக்கு மாட்டிய வில்லை

சூளகிரிக்குக் கால்நடை டாக்டராகப் போனபோது எனக்கு அங்கே பேச ஆள் இல்லை. வீடுகளில் தெலுங்கு, சந்தையில் கன்னடம். மாட்டைப் பிடித்துக்கொண்டு வருபவர்கள் என்னிடம் தமிழில் பேசுவார்கள். ஆனால் மாட்டைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள். நான் தஞ்சாவூர்ப் பக்கம், கல்யாணமாகாதவன். சாயங்காலம் மருந்தகத்தைப் பூட்டினால் மறுநாள் காலைவரை என் குரலை நானே கேட்க மாட்டேன். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த காலம். இன்று தொழிற்சாலைகள் நிற்கும் இடமெல்லாம் அப்போது ராகிக் காடு. இருட்டியபின் எப்போதாவது ஒரு லாரி வெளிச்சம் வந்து போகும், அவ்வளவுதான்.

எனக்கு வாய்த்த ஒரே துணை ரோடு மேஸ்திரி. பெங்களூர் ரோட்டில் ஜல்லி கொட்டித் தார் ஊற்றும் ஆட்களை வேலை வாங்குபவர். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் காவேரிப்பட்டினத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மருந்தகத்துக்கு எதிரே, தார்ப் பீப்பாய்கள் அடுக்கிய தகரக் கொட்டகையில் தனியாக இருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். தினமும் களி கிண்டி எனக்கும் ஓர் உருண்டை வைப்பார். நான் முதல் நாள் அதை மென்று தின்றதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

“முழுங்கணும் சார். பல்லு பட்டா களிக்குக் கோவம் வந்துடும்.”

ஒரு பங்குனியில் சானமாவுக் காட்டோரம் வேலைக்குப் போனவர் செம்பட்டை நிறத்தில் ஒரு நாய்க்குட்டியோடு திரும்பினார். அங்கே ஒரு குடியானவர் வீட்டில் படி ராகி கொடுத்து வாங்கினாராம். நாய்க்குட்டியைச் சும்மா வாங்கினால் தங்காது என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. நாற்பது நாள் குட்டி. நடக்கும்போது பின்னங்கால்கள் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும்.

அந்த மாதம்தான் ஊரில் ஒரு வெறிநாய் இரண்டு கன்றுகளைக் கடித்தது. நாய்களைப் பிடித்துக் கொல்லப் பஞ்சாயத்து ஆள் வைத்தது. கையில் சுருக்குக் கம்பி, தோளில் தடி. தடுப்பூசி போட்டு, கழுத்தில் மருந்தகத்தின் பித்தளை வில்லை தொங்கும் நாயை அவன் தொடக்கூடாது. மற்றதெல்லாம் அவன் கணக்கில். ஊசி மருந்து சேலத்திலிருந்து ஐஸ் போட்ட பிளாஸ்கில் பஸ்ஸில் வரும். ஒரு புட்டியைத் திறந்தால் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். அதனால் நாய்கள் சேரும்வரை காத்திருந்து ஒரே நாளில் போடுவேன். அப்படிப்பட்ட ஒரு நாளில், வேலையெல்லாம் முடிந்து புட்டியின் அடியில் கொஞ்சம் மருந்து மிஞ்சியிருந்தபோது, மேஸ்திரி குட்டியைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார்.

“இதுக்கும் ஒரு வில்லை மாட்டிவுடுங்க சார். இல்லன்னா நாளைக்கு அவன் கம்பிய மாட்டுவான்.”

மூன்று மாதம் நிறையாத குட்டியின் உடலில் அந்த ஊசி நிலைக்காது. அது எனக்கு நன்றாகத் தெரியும். கல்லூரியில் படித்துத் தேர்வில் எழுதிய விஷயம். வில்லை கொடுக்கவும் கூடாது. ஆனால் குட்டி செத்துப்போவதை நானும் விரும்பவில்லை. ஊசியைப் போட்டு வில்லையை மாட்டினேன். வில்லை பெரிது, கழுத்து சிறிது. நடக்கும்போது முன்னங்காலில் இடித்து ஒலித்தது.

“மூன்று மாதம் ஆனதும் திரும்பக் கொண்டு வாருங்கள், இந்த ஊசி கணக்கில் சேராது” என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், விதியை மீறி வில்லை கொடுத்தேன் என்பதையும் ஒப்புக்கொண்டதாகும். நேரம் வரும்போது நானே கூப்பிட்டு இன்னொன்று போட்டுவிடலாம் என்று இருந்துவிட்டேன். வைகாசிக் கடைசியில் புது மருந்து வந்தது. அன்று மேஸ்திரி விதைப்புக்காகக் காவேரிப்பட்டினம் போயிருந்தார். குட்டி கொட்டகை வாசலில்தான் கட்டியிருந்தது. ரோட்டைத் தாண்டினால் இருபதடி. அன்று நாற்பது நாய்களுக்குப் போட்டுக் கை சலித்திருந்தது. அடுத்த தடவை என்று விட்டுவிட்டேன்.

ஆனியில் எங்கிருந்தோ வந்த ஒரு நாய் கொட்டகையில் புகுந்து குட்டியின் காதைக் கடித்துவிட்டு ஓடியது. மேஸ்திரி காயத்துக்கு மஞ்சள் அப்பினார். வில்லை இருக்கிறதே என்று அவர் கவலைப்படவில்லை. நான் கவலைப்பட்டேன், ஆனால் வாயைத் திறக்கவில்லை.

ஆடி பாதியில் குட்டி கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. கூப்பிட்டால் வாலை ஆட்டும், வெளியே வராது. குரைப்பு கம்மிப் போயிற்று. அடுத்த நாள் சாயங்காலம் மேஸ்திரி அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். கீழ்த்தாடை தொங்கியது, எச்சில் நூலாக வழிந்தது.

நேற்றுக் கறி எலும்பு போட்டாராம், அது தொண்டையில் மாட்டிக்கொண்டதாம். கையை உள்ளே விட்டுத் துழாவிப் பார்த்திருக்கிறார். எலும்பு கிடைக்கவில்லை. விரல்களில் பல் கீறி இரண்டு இடத்தில் ரத்தம் கசிந்திருந்தது. அந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்வது இதுதான். வெறி என்றால் பாய்ந்து கடிக்க வேண்டும், ஊரைச் சுற்றி ஓட வேண்டும். வாயைத் திறந்தபடி சாதுவாக உட்கார்ந்திருக்கும் நாய்க்கு எலும்புதான் மாட்டியிருக்கும் என்று நம்பிக் கையை விட்டுவிடுவார்கள். தாடை தொங்கிப் போவதும் வெறியில் ஒரு வகை என்று அவர்களுக்குத் தெரியாது.

“இடுக்கி வச்சு எடுத்துவுடுங்க சார்” என்றார்.

நான் விளக்கைத் தூக்கிப் பார்த்தேன். என் கை அதன் வாயருகே போகவில்லை. அதை நான் கவனித்தேன், அவர் கவனிக்கவில்லை. எலும்பு ஒன்றும் இல்லை என்றேன். தாடை சுளுக்கியிருக்கும், இரண்டு நாளில் சரியாகும் என்றேன். அவர் தன் விரல்களைப் பார்த்தார்.

“வில்லை இருக்குதுங்களே. பயமில்லயே?”

“பயமில்லை மேஸ்திரி. சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.”

அவர் போனபின் நான் என் கைகளைக் கார்பாலிக் ஊற்றித் தேய்த்துக் கழுவினேன்.

உண்மையைச் சொல்லியிருந்தால் வில்லை பொய் என்று வெளிப்பட்டிருக்கும், வேலைக்குக் கேடு. ஆனால் அது பாதிக் காரணம்தான். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு நாள் ஊசி போட்டுக்கொள்ள அவர் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் போய்த் தங்க வேண்டியிருக்கும். எதிர்க் கொட்டகை இருட்டாகக் கிடக்கும். என்னால்தான் போக நேர்ந்தது என்று தெரிந்தபின் அவர் திரும்ப வந்து எனக்குக் களி வைப்பாரா என்றும் யோசித்தேன். ஒரு மனிதனின் உயிரை ஒரு தட்டில் வைத்து, என் சாயங்காலங்களை இன்னொரு தட்டில் வைத்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் குட்டி செத்தது. மேஸ்திரி ரோட்டோரப் புளிய மரத்தடியில் அதைப் புதைத்துவிட்டு, வில்லையைக் கழுவித் துடைத்து எடுத்து வந்தார். என் மேஜைமேல் வைத்தார்.

“இன்னொரு குட்டிக்கு ஆவும் சார்.”

அந்த வில்லை மேஜையில் கிடந்தபோது என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வயது போதாதது, வைகாசியில் விட்டுவிட்டது, காதுக் காயம், தொங்கிய தாடை. அவர் நின்றபடியே கேட்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

“அப்போ அன்னிக்கு வெளக்கத் தூக்கிப் பாத்தீங்களே, அன்னிக்கே தெரியுங்களா?”

“தெரியும்.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் கிருஷ்ணகிரிக்குப் போனார். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். வராந்தாவில் வயிற்றைப் பிடித்தபடி சாய்ந்திருந்தார். மனைவி பக்கத்தில் இருந்தார். இவர்தான் டாக்டர் என்று அந்த அம்மாளிடம் சொன்னார்; வேறொன்றும் சொல்லவில்லை. அந்த அம்மாள் எழுந்து நின்று என்னைக் கும்பிட்டார். நான் செய்ததை அவர் மனைவியிடம் சொல்லவில்லை என்று தெரிந்தது.

தாமதமாகத் தொடங்கிய ஊசி பலிக்குமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அந்த நோய் மாதக்கணக்கில் உள்ளே பதுங்கியிருக்கும். வெளிப்பட்டால் தண்ணீர் தொண்டையில் இறங்காது. பிறகு மருந்தில்லை. இது அவருக்கும் தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லியிருப்பார்கள்.

திரும்பி வந்தபின் அவர் சாயங்காலம் என்னைக் கூப்பிடவில்லை. கொட்டகையிலிருந்து களி வாசனை வரும். நான் கதவைச் சாத்திக்கொள்வேன். ஆனால் காலையில் வேலைக்குப் போகும்போது மருந்தகத்தின் முன் ஒரு நிமிஷம் நிற்பார். வாசலில் மாட்டுக்காரர்களுக்காக வைத்திருந்த பானையிலிருந்து ஒரு சொம்பு மொண்டு, என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, அண்ணாந்து குடிப்பார்.

“எறங்குதுங்க இன்னிக்கும்” என்பார்.

முதலில் அதைக் குத்தல் என்று எடுத்துக்கொண்டேன். குத்தல்தான். ஆனால் ஒரு நாள் நான் வெளியே வரத் தாமதமானபோது, மொண்ட சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றிருந்தார். தனியாகக் குடித்துப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்திருக்கிறது. என்ன நடக்கிறது என்று தெரிந்த ஆள் அந்த ஊரில் நான் ஒருவன்தான். அவருக்கும் வேறு ஆள் இல்லை. அதற்குப் பிறகு நான் விடியுமுன் எழுந்து, பானையைக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்பி, அவர் வரும்வரை அங்கேயே நிற்பேன். கடைசி வாய் இறங்கும்வரை அவர் தொண்டையையே பார்ப்பேன். நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

ஐப்பசி மழை முடிந்து, தையும் போனது. மாசியில் அவருடைய ஆட்களைக் காவேரிப்பட்டினம் பக்கத்து ரோட்டுக்கு மாற்றினார்கள். வீட்டுக்குப் போகிற சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. கடைசி நாள் குடித்துவிட்டுச் சொம்பைக் கவிழ்த்து வைத்தார். வழக்கமான வார்த்தையைச் சொல்லவில்லை. வரேன் என்றும் சொல்லவில்லை. வேறு மேஸ்திரி வரும்வரை கொட்டகை பூட்டிக் கிடந்தது.

சில வருஷங்களுக்குப் பிறகு வேறு ஊரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, சேலம் போகும் வழியில் பஸ் காவேரிப்பட்டினத்தில் நின்றது. எதிரே டீக்கடையில் அவர் இருந்தார். தலை நரைத்திருந்தது. யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டே சொம்பைத் தூக்கித் தண்ணீர் குடித்தார். யாரையும் பார்க்காமல், எதையும் நினைக்காமல், தாகத்துக்குக் குடித்தார்.

டிரைவர் இன்னும் ஏறவில்லை. இறங்கிப் பத்தடி நடந்தால் போதும். நான் ஜன்னலிலிருந்து முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, பஸ் கிளம்பும்வரை உட்கார்ந்திருந்தேன்.