தானாக மேலே வரும் கேஜ்

என் வீட்டுக்காரர் தங்கச் சுரங்கத்துக்குள் மரம் கட்டுகிற தச்சர். பாறை சரியாமல் இருக்க உள்ளே முட்டுக் கொடுப்பது அவர் வேலை. முட்டுக் கொடுக்கும்வரை அந்தப் பாறை அவர் தலைக்கு மேலேதான் தொங்கும் என்பதை அவர் எனக்குச் சொன்னதில்லை. எனக்குத் தெரியும் என்று நானும் சொன்னதில்லை. வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது; மற்ற எல்லாவற்றுக்கும் சண்டை போட்டோம்.

அவரை எப்படியாவது அந்தக் குழியிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும் என்பதுதான் அப்போது என் ஒரே நினைப்பு. ஊருக்குத் திரும்பலாம் என்றால் வட ஆற்காட்டில் எங்களுக்கு நிலமும் இல்லை, எங்களைத் தேடுகிறவர்களும் இல்லை. இருந்ததெல்லாம் அவர் கைத்தொழில் ஒன்றுதான்.

சுரங்கத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லைனில் பிள்ளைகள் கொட்டாங்கச்சியில் கயிறு கட்டி ஓணானைக் குழிக்குள் இறக்கி விளையாடும். அதற்குப் பெயர் ஷிப்டு. ஓணான்கள் ஷிப்டு முடியும்வரை இருந்ததில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு யோசனை வந்தது. சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டான கேஜைப் பொம்மையாகச் செய்து விற்றால் என்ன என்று அவரிடம் கேட்டேன். ஒரு வாரம் கழித்து வெடிமருந்து வந்த காலிப் பெட்டிகளைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார்.

அந்த வெள்ளைப் பலகை அறுக்க இலகுவானது. ஆனால் அறுத்தால் மண்டை பிளக்கிற மாதிரி தலை வலிக்கும். மருந்து மரத்தில் ஊறியிருக்கும் என்றார். குழந்தைகள் எதையும் வாயில் வைக்கும் என்பதால் நான் ஒவ்வொரு பலகையையும் மூன்று தண்ணீரில் அலசிக் காயப்போட்டேன். வியாபாரத்தில் என் முதல் பங்கு அதுதான்.

பொம்மை அச்சு அசலாக இருந்தது. இரண்டு கம்பம், உச்சியில் சக்கரம், நூலில் தொங்கும் கேஜ், அதற்குள் தலைப்பாகை கட்டிய இரண்டு ஆட்கள். நூலை விட்டால் கேஜ் சர்ரென்று கீழே போகும். மேலே வர வேண்டுமென்றால் பக்கத்திலிருக்கும் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். அவருக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஊரிகம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கூடும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கடை விரித்தோம். பிள்ளைகள் ஈ மாதிரி மொய்த்தன. அவர்களுடைய அம்மாக்கள் நின்று பார்த்தார்கள், பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். மூன்று ஞாயிறு இதே கதை. விற்றது ஒன்றே ஒன்று, அதுவும் வெள்ளைக்காரத் துரை வீட்டுச் சமையல்காரர் வாங்கியது. துரை மகனுக்கு அது விழுவது பிடித்திருந்ததாம்.

மூன்றாவது ஞாயிறு, எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தவள் ஒன்றைக் கையில் எடுத்தாள். அவள் புருஷனும் இவரோடு ஒரே ஷாப்டுக் குழியில் இறங்குகிறவர். நூலை விட்டாள். கேஜ் தரையில் டொக்கென்று உட்கார்ந்தது.

“கீழ போவுது, சரி. மேல எப்ப வரும்?” என்று கேட்டாள்.

கைப்பிடியைச் சுற்ற வேண்டும் என்று இவர் விளக்கினார். யாராவது சுற்றினால்தான் வரும் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். பொம்மையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு அன்றே விளங்கிவிட்டது. நூலின் மறுமுனையில் கனமாக ஒரு பை கட்டுங்கள், கேஜைக் கீழே இழுத்துக் கொக்கியில் மாட்டட்டும், கொக்கியை எடுத்தால் அது தானாக மேலே வரட்டும் என்றேன்.

“இன்னாம்மே சொல்ற? இஞ்சின் இல்லாம எந்த கேஜு தானா மேல வரும்?” என்றார். பொய்யான பொம்மை செய்ய மாட்டேன் என்று இரண்டு நாள் பிடிவாதம் பிடித்தார். கடைசியில் செய்தார், ஆனால் பையைத் தொட மறுத்துவிட்டார். பை தைத்ததும், கூழாங்கல் பொறுக்கிப் போட்டதும் நான்தான்.

அடுத்த ஞாயிறு பாதிச் சந்தைக்குள் கூடை காலி. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. தூரத்து ஸ்கெலட்டன் லைன் பக்கத்திலிருந்தெல்லாம் பெண்கள் நடந்தே வந்து வாங்கினார்கள். அவர் மேஸ்திரியிடம் போய் ஷிப்டுப் பட்டியலிலிருந்து தன் பேரை அடித்துவிடச் சொன்னார். அதன்பின் ஒன்றரை மாதம் அவர் பகலில் என் கண்ணெதிரே உட்கார்ந்து இழைப்புளி தள்ளினார். ஷிப்டுச் சங்கு ஊதினால் நான் வாசலுக்கு ஓடவில்லை. நான் சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு விற்பனை படுத்துவிட்டது. கோலார் டவுனில் விற்றுப் பார்க்கலாம் என்று ஒரு கூடையோடு வண்டியேறினார். அங்கே கேஜைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. கிணற்று ராட்டினம் என்று நினைத்துத் தண்ணீர் எங்கே என்று கேட்டார்கள். கூடை நிறைந்தபடியே திரும்பி வந்தது.

வாங்கியவர்களே மறுபடி ஏன் வாங்கவில்லை என்று பார்க்க நான் லைன் லைனாகப் போனேன். பொம்மை என்றால் இரண்டு வாரத்தில் உடைய வேண்டும். எங்கள் பொம்மை ஒன்றுகூட உடையவில்லை. மூங்கில் தட்டி வீடுகளில் நடுக்கம்பத்தில் உயரமாக, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் கட்டி வைத்திருந்தார்கள். சில வீடுகளில் விளக்கு மாடத்துக்குப் பக்கத்தில், சில வீடுகளில் சிலுவைக்குக் கீழே. புருஷன் ஷிப்டுக்குப் போனதும் கேஜைக் கீழே இழுத்து மாட்டுவார்களாம். அவர் வீட்டுக்குள் கால் வைத்ததும் கொக்கியை எடுத்துவிடுவார்களாம். தொட்ட பிள்ளைகளுக்கு நல்ல அடி. வீட்டுக்கு ஒன்று போதும், அதுவும் ஆயுசுக்கும் வரும்.

நான் சொன்னதைக் கேட்டு அவர் சிரித்தார், பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு பழைய வேலையைக் கேட்க மேஸ்திரி வீட்டுக்குப் போனார். திங்கட்கிழமை காலை ஷிப்டு. சுரங்கத்தில் முன்பைவிட ஒரு லெவல் ஆழத்தில்.

அன்று அவர் ஷிப்டுக்குக் கிளம்பிப் போனபின் வாசலில் உட்கார்ந்து அழுதேன். நாலு வீடு தள்ளி இருந்தவள் வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“இன்னாக்கா, உங்க வூட்ல ஒண்ணு கட்டலியா?”

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பையைத் தைத்தவள் நான், உள்ளே இருப்பது ஓடையில் பொறுக்கிய கல், அதனால்தான் மேலே வருகிறது, அதில் சாமியும் இல்லை பூதமும் இல்லை என்று கொட்டித் தீர்த்தேன்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. “கல்லு கீதுன்னு எங்களுக்குத் தெரியாதா இன்னாக்கா? வாங்கன அன்னிக்கே அவுத்துப் பாத்துட்டோம். அவரு வர்ற வரைக்கும் நாம செய்யறதுக்கு வேற இன்னா கீது?”

நான் எழுந்து, விற்காத கூடையிலிருந்து ஒன்றை எடுத்து வந்தேன். அவள் கம்பத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள, நான் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். அவர் இறங்கி அரை மணி நேரமாவது ஆகியிருக்கும். ஆனாலும் கேஜைக் கீழே இழுத்துக் கொக்கியில் மாட்டினேன்.