கேரித் தீவில் ரசம் மட்டும் குடித்த ஞாயிற்றுக்கிழமை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் தம்பி தினேஷுக்குப் பெண் பார்க்கக் கேரித் தீவுக்குப் போய்வந்தேன். பெண் பார்க்க என்று சொல்வது சும்மா மரியாதைக்கு. அவனும் ஷாமினியும் கிள்ளான் துறைமுகத்தில் ஒரே அலுவலகத்தில் வேலை செய்பவர்கள். மூன்று வருடமாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. ஆகவே மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் என்று போகவேண்டிய மொத்தக் கூட்டமும் நான் ஒருத்திதான். நான் சரியென்று சொன்னால் கல்யாணம், சொதப்பினால் தம்பி என் முகத்தில் விழிக்க மாட்டான்.

இந்த வலைப்பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: நான் மலேசியாவில், கோலாலம்பூருக்குப் பக்கத்தில் ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கிறேன், இடைநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர், எடை குறைவதற்காக இரைப்பையில் பட்டை போட்டுக்கொண்டவள். இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி ஒரு சிலிக்கான் வளையம். விலாவுக்குக் கீழே, தோலுக்கு அடியில், அதற்கு ஒரு சின்ன வாய். அந்த வாயில் ஊசி குத்தி உப்புநீர் ஏற்றினால் வளையம் இறுகும், உறிஞ்சி எடுத்தால் தளரும். இப்போதெல்லாம் மருத்துவர்கள் பெரும்பாலும் வேறு முறைக்குப் போய்விட்டார்கள். ஆனால் என்னைப் போலப் பட்டையோடு ஊர் சுற்றுகிறவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்பது எனக்கு வரும் மின்னஞ்சல்களில் தெரிகிறது. எங்கே போனால் என்ன தொண்டையில் இறங்கும் என்று நீங்கள் கேட்பதால்தான் எழுதுகிறேன்.

அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை காலையில், வளையத்தை இறுக்க எனக்கு ஊசி. முதல் தடவை போகிற வீட்டில் தேநீரும் பலகாரமும்தான் இருக்கும், பலகாரத்தைப் பேச்சு சாமர்த்தியத்தில் கடந்துவிடலாம் என்பது என் கணக்கு. ஊசி போட்ட பிறகு இரண்டு நாளைக்குத் திரவம் மட்டும்தான். கணக்கு டீச்சரின் கணக்கு எப்படித் தப்பியது என்பதுதான் இந்தப் பதிவு.

ஞாயிறு காலை எட்டரைக்கு செர்டாங் நிலையத்தில் கொமுட்டர் ரயில் ஏறினேன். கே.எல். சென்ட்ரல் அரைமணி நேரம். அங்கிருந்து பேரங்காடி வழியாக வெளியே வந்தால் பிரிக்பீல்ட்ஸ். பெண் வீட்டுக்குக் கொண்டுபோகும் கூடையில் வைக்கப் பழம், வெற்றிலை, பூச்சரம், ஒரு கிலோ பால்கோவா எல்லாம் இங்கேயே வாங்கிவிடலாம். எல்லாம் சேர்த்து நூற்றிருபது வெள்ளி, அதாவது ரிங்கிட், ஆனது. பூக்காரம்மா கூடையை அலங்கரித்துத் தர இன்னும் பத்து வெள்ளி கேட்டார். அழகாக இருந்ததால் கொடுத்தேன்.

நான் பிறந்து வளர்ந்த இடம் இது. தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேயில் குமாஸ்தாவாக வந்தவர். வழக்கமாகப் போகும் வாழையிலைக் கடையில் உட்கார்ந்து வடிகட்டிய ரசம் ஒரு டம்ளர் கேட்டேன். கடைக்காரர் என்னை மூன்று வடையும் இரண்டு தட்டு சோறும் சாப்பிட்ட காலத்திலிருந்து அறிந்தவர்.

"என்ன டீச்சர், பாதி ஆள எங்க விட்டுட்டு வந்தீங்க? இனிப்பு நீர் வியாதியா?"

"இல்ல அண்ணே, வேலை ஜாஸ்தி லா."

இந்தப் பதிலை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். பட்டை விஷயம் தம்பியையும் உங்களையும் தவிர யாருக்கும் தெரியாது. சொன்னால் அடுத்த கேள்வி, "வாயக் கட்ட முடியாம வயித்தக் கட்டிக்கிட்டீங்களா?" என்று வரும். ஒருவர் உண்மையிலேயே கேட்டார். அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் வரும் பட்டைக்காரர்கள் கவனத்துக்கு: மெத்தென்று இருப்பதை நம்பாதீர்கள். இட்லி, ரொட்டி சானாய், பஞ்சு மாதிரி வெந்த சோறு எல்லாம் உள்ளே போய் ஒன்றுசேர்ந்து உருண்டையாகி வாசலை அடைத்துக்கொள்ளும். முறுக்கும் அப்பளமும் தூளாகி சமர்த்தாக இறங்கிவிடும். முதலில் எனக்கு இது பெரிய ஆச்சரியம். மொறுமொறுப்பானது எளிதாக இறங்குகிறதே என்று முறுக்கை ஒரு பிடி பிடித்தால் எடை திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும், அது வேறு கதை. மென்று தின்னுங்கள். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காதீர்கள். அடுத்த மேசைக்காரர் எப்படிப் பிசைகிறார் என்று வேடிக்கை பாருங்கள், நேரம் போகும். சோற்றில் குழி வெட்டி ரசத்துக்கு அணை கட்டுகிறவர்களை நான் மணிக்கணக்கில் பார்ப்பேன்.

சென்ட்ரலிலிருந்து கிள்ளானுக்குக் கொமுட்டரில் ஒரு மணி நேரம். ஞாயிறுகளில் ரயில் அடிக்கடி வராது, விட்டால் அரைமணிக்கு மேல் காத்திருக்க வேண்டும். இரண்டு ரயிலுக்கும் சேர்த்துப் பத்து வெள்ளிக்குள் முடிந்துவிடும். தினேஷ் பண்டமாரானிலிருந்து காரை எடுத்துக்கொண்டு நிலையத்துக்கு வந்திருந்தான். புதுச் சட்டை, அளவுக்கு மேல் வாசனைத் திரவியம். கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் பயணம் செய்ய முடிந்தது.

கிள்ளானிலிருந்து கேரித் தீவு முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பந்திங் சாலையில் போய், தெலுக் பங்லிமா காராங்கில் திரும்பி, லங்காட் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் தீவு. தீவு என்றதும் கடற்கரையைக் கற்பனை செய்யாதீர்கள். பாலம் முடிந்ததும் இரண்டு பக்கமும் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்கள், அதற்குப் பின்னாலும் செம்பனை. அதற்குள்ளே ஒரு கோயில், ஒரு பள்ளி, வரிசையாகத் தோட்ட வீடுகள். முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தோம்.

ஷாமினியின் அப்பா தோட்டத்தில் செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். குறைவாகப் பேசும் மனிதர். அம்மாவுக்கு அவர் பேசாததையும் சேர்த்துப் பேசும் பழக்கம். தேநீர் வந்தது, குடித்தேன். கேசரி வந்தது, தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஷாமினியிடம் வேலையைப் பற்றிக் கேட்டேன். எல்லாம் நான் போட்ட திட்டப்படியே போனது. தட்டையும் ஒருவழியாகத் தம்பி பக்கம் நகர்த்திவிட்டேன். அப்போதுதான் ஹாலில் பாய் விரித்து இலை போட ஆரம்பித்தார்கள்.

"சைவமா வைக்கலாம்னுதான் பார்த்தேன் டீச்சர்," என்றார் அம்மா. "இவரு, ஞாயித்துக்கிழமை நண்டு இல்லாம எப்படின்னு விடியக்காலையிலயே போய் வாங்கிட்டு வந்துட்டாரு."

நண்டுக் குழம்பு வாசனையை நான் விவரிக்கப் போவதில்லை, எனக்கே கஷ்டமாக இருக்கிறது. ஒரு பக்கம் அப்பா, நடுவில் தினேஷ், இந்தப் பக்கம் நான். சோற்றுக் கரண்டி என் இலைக்கு வந்தபோது கையை வைத்து மறைத்தேன்.

"எனக்கு ரசம் மட்டும் போதும் அக்கா."

"ஒரு கரண்டியாவது."

"வேணாம் அக்கா. டம்ளர்ல குடுங்க, குடிச்சிக்கிறேன்."

அம்மாவின் முகம் மாறியது. ரசம் வந்தது. நல்ல ரசம், மிளகு தூக்கலாக. நான் ஒவ்வொரு வாயாகக் குடித்துக்கொண்டு, மிகவும் நாகரிகமாக நடந்துகொள்வதாக நினைத்திருந்தேன். பரிமாறிக்கொண்டிருந்த ஷாமினி சமையலறைக்குள் போனவள் திரும்பி வரவில்லை. அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். தினேஷ் மட்டும் நண்டுக் காலோடு போராடிக்கொண்டிருந்தான்.

"டீச்சர், பிடிக்கலைன்னா நேரா சொல்லிருங்க லா," என்றார் அப்பா. "எங்க பக்கம், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவங்க பொண்ணு வீட்டுச் சோத்துல கை நனைச்சாதான் சம்மதம். தண்ணி மட்டும் குடிச்சிட்டு எந்திரிச்சா, வேணாம்னு அர்த்தம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீடுகளில் இப்படி ஒரு பழக்கத்தை நான் கேள்விப்பட்டதில்லை. தம்பியும் என்னைப் பார்த்து விழித்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மெதுவாகச் சொன்னார்:

"சிலோன்காரங்க நம்ம கையால சாப்பிட மாட்டாங்கன்னு எங்க அப்பா சொல்லுவாரு. அதெல்லாம் அந்தக் காலம்னு நான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

அவருடைய அப்பா சொன்னது பொய்யில்லை என்பது எனக்குத் தெரியும். எங்கள் உறவிலேயே தோட்டத்துக்காரர்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் தொடாதவர்கள் இருந்தார்கள். அந்த வரிசையில் என்னையும் அவர் உட்கார வைத்துவிட்டார், அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு எப்படித் தெரியும்? அவமானமும் பயமுமாக இருந்தது. ஒரு வாய் போட்டுக்கொண்டால்தான் என்ன என்று தம்பி இலையிலிருந்து சோற்றை அள்ளினேன். ஊசி போட்ட மறுநாள் சோறு சிக்கினால் நெஞ்சு பிளப்பது போல வலிக்கும், வாயில் எச்சில் நூல் நூலாக ஒழுகும், மருத்துவமனைக்கு ஓட வேண்டியும் வரலாம். தினேஷ் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அக்கா, வேணாம். கல்யாணம் நடக்காட்டியும் பரவால்ல. சொல்லிடு லா."

சொன்னேன். அம்மாவை என் முன்னால் உட்காரச் சொல்லி, அவர் கையை எடுத்துச் சேலைக்கு மேலாக என் விலாவுக்குக் கீழே வைத்து அழுத்தினேன். அப்பா நாகரிகமாகச் சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

"ஐயோ, பொத்தான் மாதிரி இருக்கே! வலிக்குமா டீச்சர்?"

"வலிக்காது அக்கா. நேத்துதான் இறுக்கினாங்க. இன்னிக்கு பருக்கை இறங்காது. பிடிக்காம இல்ல அக்கா, சத்தியமா."

அதற்குப் பிறகு வந்த கேள்விகளை வரிசையாக எழுத முடியாது. பசிக்குமா, கழட்டலாமா, விமான நிலையத்தில் சத்தம் போடுமா, நண்டு என்றைக்காவது சாப்பிட முடியுமா. ஷாமினியும் வந்து கதவோரம் நின்றுகொண்டாள், கண் சிவந்திருந்தது. நான் எதிர்பார்த்திருந்த அந்தக் கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சுவரைப் பார்த்தபடியே அப்பா கேட்டார்:

"அப்போ டையர் டியூப் மாதிரி? வால்வு வழியா காத்துக்குப் பதிலா தண்ணி?"

"அதேதான் அண்ணே."

"ம். நல்ல வேலைதான்."

அம்மா எழுந்தார். "யாரும் எந்திரிக்காதீங்க," என்று உத்தரவு போட்டுவிட்டு உள்ளே போனார். இரண்டு கரண்டி சோற்றை ரசம் விட்டுக் குழையக் கரைத்து, தேநீர் வடிகட்டியில் இரண்டு முறை வடித்து, ஒரு சின்னக் கிண்ணத்தில் கொண்டுவந்தார். "பருக்கை ஒண்ணும் இல்ல. ஆனா இது சோறுதான்," என்றார்.

நான் அதை இலையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, விரலால் வழித்துச் சாப்பிட்டேன். ஒரு வாய், பிறகு காத்திருப்பு, அடுத்த வாய். பட்டை போட்ட நாளிலிருந்து எந்தப் பந்தியிலும் என் பக்கத்து இலைகள் எல்லாம் எடுக்கப்பட்ட பிறகு தனியாக உட்கார்ந்து சாப்பிட்டே பழகிவிட்டேன். அன்று யாரும் எழவில்லை. அப்பா கையில் குழம்பு காய்ந்து வெளுத்துப்போகும்வரை உட்கார்ந்திருந்தார். தினேஷ் அந்த அவகாசத்தில் இன்னொரு நண்டை முடித்தான். நான் இலையை மடித்த பிறகுதான் அவர் தன் இலையை மடித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, மிளகு என்று சொல்லிச் சமாளித்தேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். தீவுக்குள் போகச் செயலியில் கார் கிடைக்கும், கிள்ளானிலிருந்து நாற்பது வெள்ளி அளவில் ஆகும். திரும்பி வரத்தான் சுலபத்தில் கிடைக்காது, போகும்போதே ஓட்டுநரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நண்டுக்காகப் போகிறவர்கள் காலையில் போங்கள். பட்டைக்காரர்களுக்குக் காலையில் வளையம் இறுக்கமாக இருக்கும், மதியத்துக்கு மேல்தான் தளரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஊசி போட்டு ஒரு வாரமாவது ஆகட்டும். நண்டுச் சதையை நாராகப் பிய்த்து மென்றால் இறங்கும் என்று நினைக்கிறேன், இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை. முக்கியமானது இதுதான்: சாப்பிடக் கூப்பிட்ட வீட்டில் இலை போடுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் ஏன் சாப்பிடவில்லை என்று மற்றவர்கள் தாங்களாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்வார்கள். அந்தக் காரணம் அவர்களைத்தான் அதிகம் புண்படுத்தும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஷாமினியின் அம்மா கூப்பிட்டார்.

"ஐயரு நிச்சயத்துக்கு ரெண்டு நாள் குறிச்சிக் குடுத்திருக்காரு சம்பந்தி. உங்களுக்கு அடுத்த ஊசி எப்போ?"

தேதியைச் சொன்னேன். அந்தப் பக்கம் நாள்காட்டியைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அப்போ முதல் நாள் வேணாம். அதுக்கு முந்தின நாள்தான் உங்களுக்கு ஊசி."

"நல்ல நாளா இருந்தா அதையே வைங்க அக்கா. நான் ஊசியத் தள்ளிப் போட்டுக்கிறேன்."

"என்ன சம்பந்தி பேசுறீங்க? நீங்க சாப்பிட முடியாத நாளு எப்படி நல்ல நாளாகும்?"