இருமாத நெஞ்சு

எங்கள் மாதா கோயிலில் தேவமாதா பிரார்த்தனை பாட என்னைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். குரல் இனிமை என்று யாரும் சொன்னதில்லை. மூச்சு நீளம், அவ்வளவுதான். மற்றப் பெண்கள் ஒரு வரியை இரண்டாக உடைத்து மூச்சு வாங்கிக்கொள்ளும் இடத்தில் நான் நிற்காமல் போய்க்கொண்டே இருப்பேன். "இது செஞ்சிக் கோட்டை உச்சியில நின்னு பாடினாக்கூடக் கீழ பஜாருக்குக் கேக்கும்" என்று ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் கேலி செய்வார். அந்தக் கேலியில் எனக்குத் தலைகால் புரியாது.

அந்த நெஞ்சைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெருமைப்பட எதுவும் இல்லை.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ரேஷன். எங்கள் அப்பா, நைனா என்போம், பிறத்தியார் கொல்லையில் மல்லாட்டைக் கடலை பிடுங்கப் போவார், அண்ணன் மண்டியில் மூட்டை தூக்கினான். அண்ணனுக்குத் தளவானூர்ப் பக்கத்திலிருந்து பெண் எடுத்தார்கள். அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்த மார்கழியில் எனக்கு இருமல் பிடித்தது. கோடை வந்தும் விடவில்லை. சாயங்காலமானால் காய்ச்சல் அடிக்கும். கையும் காலும் குச்சியாகிவிட்டன.

"கணைச்சூடு. வயசுக்கு வந்தா சரியாப் பூடும்" என்றாள் அம்மா. வைத்தியம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வைத்தியம் முழுக்க அண்ணிதான். இருந்த ஒற்றை அறையில் என் பக்கத்திலேயே படுத்துக்கொள்வாள். இருமல் வந்தால் தூக்கி உட்காரவைத்து முதுகைத் தேய்ப்பாள், வாயைத் தன் முந்தானையால் துடைத்துவிடுவாள். நான் குடிக்க முடியாமல் வைத்த கஞ்சியை, "கொட்டாதே பாப்பா, ரேஷன் அரிசி" என்று தானே குடித்துவிடுவாள்.

அம்மா சொன்னபடியே நான் வயதுக்கு வந்தேன், இருமலும் நின்றது. உடம்பு தேறி, கன்னத்தில் சதை வைத்து, பாட்டுக்கும் போக ஆரம்பித்தேன். தன் வாக்குப் பலித்ததை அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டாள்.

கொஞ்ச காலம் போய் அண்ணி இருமத் தொடங்கினாள். ஒருநாள் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது துவைகல்லில் ரத்தம் விழுந்தது. அதற்குமேல் யாரும் கணைச்சூடு என்று சொல்லவில்லை. காசம் என்றார்கள். அதையும் வாய்விட்டுச் சொல்லாமல் கிசுகிசுத்தார்கள். "அவங்க வூட்டு ரத்தத்துலயே இருக்குது. மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டாங்க" என்று அம்மா தீர்ப்பு எழுதிவிட்டாள். முதலில் தட்டு தனியானது, பிறகு பாய் தனியானது, கடைசியில் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்ப வண்டி வந்து வாசலில் நின்றது. அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்று அண்ணியின் தம்ளரை மறந்துவிடாமல் எடுத்து, துணியில் சுற்றி, வண்டியில் வைத்தவள் நான். யாரும் சொல்லவில்லை. நானாகச் செய்தேன். பிறகு உள்ளே போய்ச் சோப்புப் போட்டுக் கைகழுவினேன்.

சண்டை முடிந்த பிறகு, கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆசிரியைப் பயிற்சியில் எனக்கு இடம் கிடைத்தது. பெண்கள் சேர்ந்து தங்கும் இடம் என்பதால் எல்லோரும் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துக் காட்ட வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். என் உள்ளுக்குள் இருப்பதை முதன்முதலாகப் பார்த்தேன். எலும்பெல்லாம் வெள்ளை, காற்று இருக்கும் இடமெல்லாம் கறுப்பு. மூச்சுக்குழல் ஒரு கறுத்த பட்டையாக இறங்கி, இரண்டாகப் பிரிந்து, இரண்டு நுரையீரலுக்கும் போயிற்று. அடியில் உதரவிதானம் கவிழ்த்த சட்டிபோல வளைந்திருந்தது. வலது நுரையீரலின் உச்சியில், கழுத்தெலும்புக்குக் கீழே, சுண்ணாம்பு தெறித்தாற்போல் சில வெள்ளைப் புள்ளிகள்.

"சின்ன வயசுல ரொம்ப நாள் இருமினியா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

தலையாட்டினேன்.

"அது காசம்மா. சில பேருக்குத் தானா ஆறிடும். ஆறின இடந்தான் இது. இப்ப ஒண்ணும் இல்ல, தாராளமா படிக்கலாம்." நான் மூச்சுவிடுவதற்குள் அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டார். "அப்ப கூட யாரு படுத்துக்கிட்டிருந்தாங்க? அவங்க நல்லா இருக்காங்களா?"

"அண்ணி" என்றேன். படத்தை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "வாய மூடு. உனக்கு மாப்ள பாக்கணும்" என்றாள். சட்டென்று வந்த பதில் அது. அவளுக்கு முன்பே சந்தேகம் இருந்திருக்குமோ என்று அன்றிலிருந்து எனக்குச் சந்தேகம். கேட்கத் தைரியம் வரவில்லை.

அண்ணியைப் பார்க்கத் தனியாகத்தான் போனேன். தாய்வீட்டில் முறத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள், ஆனால் சிரித்தாள். மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சுக்குள் காற்று ஏற்றிக்கொண்டு வருவதாகச் சொன்னாள். எனக்குப் புரியவில்லை.

"நுரையீரலுக்குத் தானா விரியத் தெரியாதாம், பாப்பா. விலாவும், வயித்துக்கு மேல இருக்கற சதையும் இழுத்தாத்தான் விரியுமாம். நடுவுல ஊசி போட்டுக் காத்த ஏத்திட்டா இழுவ விட்டுப்பூடும், அது சுருங்கிப் படுத்துக்கும். புண்ணு ஆற அதுக்கு ஓய்வு வேணுமாம்." இடது விலாவைத் தொட்டுக் காட்டினாள். "இந்தப் பக்கம் தூங்குது. அந்தப் பக்கந்தான் குடும்பம் நடத்துது."

அவள் சிரிப்பு அடங்கியதும் நான் சொல்லிவிட்டேன். எக்ஸ்ரேயை, புள்ளிகளை, டாக்டரம்மா கேட்ட கேள்வியை. சொல்லச் சொல்ல, வலது பக்கத்து உச்சியில் அந்தச் சுண்ணாம்பு உறுத்துவதுபோல் இருந்தது. என் உடம்பு நன்றாக இருப்பதே எனக்கு அருவருப்பாக இருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணி என்று அழுதேன்.

அண்ணி முறத்தைத் தள்ளிவைத்தாள்.

"எங்கிட்ட இன்னாத்துக்கு மன்னிப்பு? நீ புள்ள, உனக்கு இன்னா தெரியும்? ஆனா என் தங்கச்சியப் பொண்ணு பாக்க வர்றவங்கல்லாம் உங்க கோயில் வாசல்லதான் விசாரிக்கறாங்க. 'அது காச வூடு'ன்னு கேட்டுட்டு அப்படியே திரும்பிப் பூடறாங்க. எங்க அம்மா மறைச்சுக் கட்டிக் குடுக்கலன்னு அங்க வந்து சொல்லு. அது போதும்."

சொல்கிறேன் என்றேன். அவளும் வருகிறேன் என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் என்னை முன்னால் நிறுத்தினார்கள், வழக்கம்போல் பாடினேன். பாடாமல் இருந்திருக்கலாம். அந்தப் புத்தி அப்போது வரவில்லை. பூசை முடிந்து எல்லோரும் வாசலில் கூடிநின்றபோது அண்ணியும் அவள் தங்கையும் வேப்பமரத்தடியில் இருப்பதைப் பார்த்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கச் சொன்னேன்: "அண்ணி வீட்ல நோய் இல்ல. நோய் எனக்குத்தான் முதல்ல வந்துது. என்கிட்டயிருந்துதான் அவங்களுக்குத் தொத்திச்சு."

ஒரு கிழவர் சிரித்தார். "இம்மாம் சத்தமா பாடற பொண்ணுக்கு நெஞ்சுல நோயாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். உபதேசியார் மனைவி என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். "நாத்தனாருன்னா இப்படி இருக்கணும். அண்ணிக்காகப் பழியத் தன் தலையில போட்டுக்குது பாரு."

"எக்ஸ்ரேல தெரிஞ்சுதும்மா! சத்தியமா!" என்று கத்தினேன். கத்தக் கத்த அவர்களுடைய நம்பிக்கை உறுதியாயிற்று. படம் ஆஸ்பத்திரியில் இருந்தது. இருமாமல், மூச்சுத் திணறாமல் கத்தும் நான் அவர்கள் கண்ணெதிரில் இருந்தேன்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சின்னதுலேர்ந்தே எளகின மனசு அதுக்கு" என்றாள். அவள் பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, தன் மகனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேப்பமரத்துக்கு ஓடினேன். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்த களைப்பு இன்னும் தீராமல், அண்ணி மரத்தைப் பிடித்துக்கொண்டு ஒற்றை நுரையீரலில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். தங்கை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொன்னேன் அண்ணி. நம்ப மாட்டேங்கறாங்க."

"கேட்டுது" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு மீதியைச் சொன்னாள். "ஒரு தபா இருமியிருக்கக் கூடாதா, பாப்பா?"

அவள் எதிரிலேயே இருமிப் பார்த்தேன். வரவில்லை.