ஆக்சிஜன் மேல் போட்ட பழி

அண்ணன் மிளகு மூட்டையோடு சோளக்காட்டுச் சந்தைக்குப் போனால், திரும்பும்போது பல நாள் ஒற்றைச் செருப்போடுதான் வருவார். இன்னொன்று வழியில் எங்கேயோ கழன்றிருக்கும், அது அவருக்குத் தெரிந்திருக்காது. "ஏனுங்கண்ணா, செருப்புக் கடைக்காரருக்கு நீங்க பங்காளியா?" என்று கிண்டல் செய்வேன். அவரும் சிரிப்பார். எங்கள் அப்பாவும் கடைசிக் காலத்தில் இப்படித்தான் செருப்பைத் தொலைத்துக்கொண்டிருந்தார் என்பது எங்கள் இருவருக்குமே அப்போது உறைக்கவில்லை.

பிறகு ஒருநாள் மிளகு பறிக்கிற மூங்கில் ஏணியிலிருந்து விழுந்தார். "படி கால்ல தட்டுப்படவே இல்லீங்க" என்று சேலத்து டாக்டரிடம் சொன்னார். டாக்டர் நரம்போடு சேர்த்துச் சதைத் துணுக்கு ஒன்றை எடுத்தார். ஏதோ ஒரு புரதம் நரம்பில் வண்டல் மாதிரி படிந்து காலை மரத்துப்போகச் செய்கிறது, எந்தப் புரதம் என்று பார்க்க வேண்டும் என்றார். துணுக்கு நான் வேலை செய்யும் ஆய்வகத்துக்கே வந்து சேர்ந்தது.

என் பிழைப்பே அதுதான். அங்கே புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு கருவி எடை போடும். அந்த எடைகளைத் தெரிந்த புரதங்களின் பட்டியலோடு பொருத்தி, இது இன்ன புரதம் என்று கணினி சொல்லும். பட்டியலில் இல்லாதது அதன் கண்ணுக்குப் படாது. ஆய்வகம் நெட்டில் அனுப்புகிற எடைகளை வைத்து, நான் மலைமேல் செம்மேட்டில் வாடகை அறையில் உட்கார்ந்து இந்தப் பொருத்தத்தைப் பார்த்துக்கொடுக்கிறேன்.

அண்ணன் விஷயத்தில் இரண்டில் ஒன்றுதான். முதுமையில் படிகிற சாதாரணப் புரதமாக இருந்தால் அது அவரோடு நின்றுவிடும். பிறவியிலேயே மாறிப்போன புரதமாக இருந்தால் மருந்தே வேறு, ரத்த சொந்தம் அத்தனை பேரும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

சாதாரணம்தான் என்றது கணினி. அப்பாடா என்று இருந்தது. அடுத்த நிமிடமே எரிச்சல் வந்தது. ஏணி ஏறுகிற மனுஷனுக்கு என்ன முதுமை? எதோடும் பொருந்தாமல் ஒதுக்கப்பட்ட துண்டுகளை எடுத்து, எடை கூடக்குறைய இருந்தாலும் பொருத்து என்று மறுபடி ஓடவிட்டேன். ஒரு துண்டு மட்டும் எடையில் முப்பத்திரண்டு அலகு கூடுதலாக நின்றது. இரண்டு ஆக்சிஜன் ஒட்டியிருக்கிறது என்று கணினி அதற்கும் காரணம் சொன்னது.

காற்றுப் பட்டால் புரதத்தில் ஆக்சிஜன் ஒட்டுவது உண்டு. அதனால் விளங்காத எடையைக் கண்டால் ஆக்சிஜன் மேல் பழியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவது எங்கள் ஆட்களின் வழக்கம். நானும் டீ போட்டேன். குடிக்கும்போது திரையைப் பார்த்தால், தசமப் புள்ளிக்கு அப்புறம் இரண்டாவது இலக்கம் இடித்தது. இரண்டு ஆக்சிஜனுக்கு அது ஒரு துளி குறைவு. எங்கள் கருவி அவ்வளவு தப்பாக எடை போடாது.

பிறவியிலேயே மாறிய புரதத்தின் அமினோ அமில வரிசையைப் பட்டியலில் சேர்த்தேன். வெளியே மழை, நெட் விட்டு விட்டு வந்தது. துண்டு பொருந்தியது. அதை இன்னும் நொறுக்கிப் போட்ட எடைகளும் ஒவ்வொன்றாகப் போய்ப் பொருந்தின. அப்படியானால் சாதாரணம் இல்லை, பிறவியில் வந்ததுதான். டீ அப்படியே ஆறிப்போனது.

மறுநாள் பஸ்ஸில் போய் இறங்கி, ஆலத்தூர் நாடு என்கிற மலைப்பகுதியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குச் சேற்று வழியில் நடந்தேன். வாசலில் மிளகைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து இருக்கிறது, ஆனால் போன உணர்ச்சியைத் திரும்பக் கொண்டுவராது, மேலும் போகாமல் பிடித்துவைக்கும் என்றேன். கையிலிருந்த மிளகைக் கீழே போட்டார்.

"அப்பனுக்கும் இதேதானா அம்மிணி?"

"அப்படித்தான் இருக்கோணுமுங்கண்ணா."

"அப்ப உனக்கு?"

"பெத்த புள்ளைங்க எல்லாத்துக்கும் வராதுங்க. பாதிக்குப் பாதிதான். எனக்கு ஒண்ணுமில்லீங்க, நான் நல்லாத்தான் இருக்கறேன்."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் கீழே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மிணி, வலது கால் செருப்பு எங்க?"

குனிந்து பார்த்தேன். வெறுங்கால், கணுக்கால் வரை சேறு. பஸ்ஸை விட்டு இறங்கும்போது இரண்டும் இருந்தன.