எட்டு வருடப் படிப்புக்கு ஓர் இடம்

டெல்ஃபினா பிறந்த நாளிலிருந்து எண்ணினால் ரீட்டோ செக்கோ என்ற மலையூரின் கிளினிக்குக்கு ஏழு டாக்டர்கள் வந்திருக்கிறார்கள். ஒருவரும் மூன்றாவது குளிர்காலத்தைப் பார்க்கவில்லை. ஒருவர் முதல் பனி விழுந்த மறுநாளே காரைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கடைசியாக வந்த அம்மாள் போகும்போது தன் சோபாவைக் கிளினிக்குக்கே கொடுத்துவிட்டுப் போனார். நல்ல சோபா. அதில் உட்கார்ந்துதான் ஜனங்கள் அடுத்த டாக்டர் எப்போது வருவார் என்று பேசிக்கொண்டார்கள்.

டெல்ஃபினாவின் அம்மா ஓர்லிண்டா அங்கே பெயர் எழுதும் மேஜையில் இருந்தாள். டாக்டர் இல்லாத மாதங்களிலும் எட்டு மணிக்குத் திறந்து, வருகிறவர்களிடம் டாக்டர் இல்லை என்று சொல்லி, ஐந்து மணிக்குப் பூட்டுவாள். பள்ளிக்கூடம் விட்டதும் டெல்ஃபினாவும் அங்கே வந்துவிடுவாள். ஆங்கிலம் வராத கிழவர்களுக்கு மருந்துச் சீட்டைப் படித்து ஸ்பானிய மொழியில் சொல்வது அவள் வேலை.

பள்ளியின் கடைசி வருடத்தில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நகரத்துப் பல்கலைக்கழகத்தில் கல்லூரிப் படிப்பும் டாக்டர் படிப்பும் சேர்ந்து எட்டு வருடம். பதினேழு வயதிலேயே இரண்டுக்கும் இடம் கொடுத்துவிடுவார்கள். மார்க் குறையாமல் பார்த்துக்கொண்டால் நடுவில் மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதில்லை. டாக்டர் இல்லாத ஊர்ப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை. மாநிலம் முழுவதற்கும் இருபத்தெட்டு இடங்கள்.

டெல்ஃபினா அதை இரண்டு தடவை படித்தாள். அவளுடைய பெரியம்மா மகன் பெர்னி நல்ல மார்க்கோடு கல்லூரி முடித்து, மருத்துவக் கல்லூரிக்கு மூன்று வருடம் மனுப் போட்டவன். இப்போது டயர் கடையில் இருக்கிறான். கடையில் அவனுக்கு நல்ல பெயர். இந்த இருபத்தெட்டில் ஒன்று கிடைக்காவிட்டால் தனக்கும் டயர் கடைதான் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

மனுவில், படிப்பு தவிர வேறென்ன செய்தாய் என்று எழுதப் பத்துக் கட்டங்கள் இருந்தன. அவள் ஒன்றை நிரப்பியிருந்தாள். பள்ளியின் ஆலோசகர் மிஸ் கின்டானா மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"மிச்சம் ஒம்போது என்னாச்சு?"

"ஒண்ணும் இல்லையே மிஸ்."

"சாயங்காலம் எங்க போற நீ?"

"கிளினிக்குக்கு. சீட்டு படிச்சுச் சொல்லுவேன்."

"அதான் தன்னார்வத் தொண்டு. எழுது."

"தன்னார்வம் இல்ல மிஸ். அம்மா வரச் சொல்றாங்க, போறேன்."

மிஸ் கின்டானா கொஞ்சம் யோசித்தார். "அப்ப வேணாம். பொய்யாயிடும்."

ஏன் டாக்டராக வேண்டும் என்ற கேள்விக்கு ஒரு பக்கம் இடம் விட்டிருந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள் என்று எழுதி, ஏழு பேரின் பெயரையும் வந்த தேதியையும் போன தேதியையும் போட்டாள். பாதிப் பக்கம் வெறுமையாக நின்றது. அப்படியே அனுப்பினாள்.

பிப்ரவரியில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஓர்லிண்டாவின் தம்பி பெலார்மினோ தன் வண்டியில் இருவரையும் கூட்டிப்போனார். அவர் ஊர் வாய்க்காலுக்கு மணியக்காரர். யார் வயலுக்கு எந்த நாள் தண்ணீர் என்று சொல்கிறவர். அதனால் எல்லார் வீட்டுக்கும் போவார், எவரிடமும் அவசரப்பட மாட்டார்.

நேர்முகம் எட்டு அறைகளில் நடந்தது. கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். இரண்டு நிமிடம் அதைப் படிக்க வேண்டும். மணி அடித்ததும் உள்ளே போக வேண்டும். எட்டு நிமிடத்தில் மறுபடி மணி. நான்கு அறைகள் நன்றாகவே போயின. ஐந்தாவது கதவில், 'பக்கத்து வீட்டுக்காரரின் காரை நீங்கள் தெரியாமல் இடித்துவிட்டீர்கள். உள்ளே இருக்கும் அவரிடம் அதைச் சொல்லுங்கள்' என்று எழுதியிருந்தது.

ரீட்டோ செக்கோவில் எந்தச் செய்தியையும் எடுத்ததும் சொல்வதில்லை. சாவுச் செய்தியானாலும் முதலில் உட்கார்ந்து, காப்பி குடித்து, வீட்டில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரித்து, விறகு இருக்கிறதா, ஆடு குட்டி போட்டதா என்று கேட்டு, எழுந்து தொப்பியைக் கையில் எடுத்த பிறகுதான் விஷயம் வெளியே வரும். ஒருவருடைய பசு நெடுஞ்சாலையில் லாரியில் அடிபட்டுக் கிடந்ததைச் சொல்ல பெலார்மினோ நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டார். அதைத் தாமதம் என்று யாரும் சொல்லவில்லை. பசுவின் சொந்தக்காரர்கூடச் சொல்லவில்லை.

உள்ளே நடுவயதுக்காரர் ஒருவர் நாற்காலியில் இருந்தார். நடிப்பதற்கென்று வரவழைத்த ஆள். மூலையில் ஒரு பெண் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தாள்.

"வீட்ல எல்லாரும் சௌக்கியமா சார்?" என்றாள் டெல்ஃபினா.

"ம். இருக்காங்க."

"நீங்க யார் வீட்டுப் புள்ள?"

அவருக்கு எழுதிக் கொடுத்ததில் இது இல்லை. "சான்செஸ் வீடு," என்றார்.

"எந்த சான்செஸ்? மோரா பக்கமா?"

"மோராதான். எப்படித் தெரியும்?"

"உங்க தாடையப் பாத்தா தெரியுது. அங்க இப்ப பனி ஜாஸ்தியாமே?"

"அத ஏன் கேக்குற. எங்கம்மா அங்க தனியா கெடக்கா. முட்டி வலி வேற."

"எந்த முட்டி?"

"இடது. ரெண்டு மாசமா வீங்கிக் கெடக்கு. டாக்டர்ட்ட வான்னா வர மாட்டேங்குறா."

"வெறுமனே வான்னு கூப்பிட்டா யார் வருவா? விறகு இருக்கா வீட்ல?"

விறகைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது. டெல்ஃபினா எழுந்தாள். கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டு, "அப்புறம் சார், உங்க கார நான் இடிச்சுட்டேன்," என்றாள். மூலையில் இருந்த பெண் அதுவரை ஒன்றும் எழுதாதவள், அப்போது ஏதோ எழுதினாள். சிறிய சொல்தான்.

திரும்பும் வழியில் டெல்ஃபினா நடந்ததைச் சொன்னாள்.

"பின்ன, எடுத்ததும் அதையாடி சொல்லுவ?" என்றாள் ஓர்லிண்டா. "நல்ல வளப்புன்னு நெனச்சிருப்பாங்க."

பெலார்மினோ சாலையைப் பார்த்தபடி கேட்டார். "அடி பலமா?"

"எது மாமா?"

"அந்தக் காருதான்."

"நெஜ காரு இல்ல மாமா அது."

"இல்லாத காருக்கு எதுக்குப் போய் விசாரிச்ச?"



மார்ச்சில் கடிதம் வந்தது. காத்திருப்போர் பட்டியலில் நான்காம் எண். கிளினிக்கில் எல்லாரும் வாழ்த்தினார்கள். அங்கே நான்காம் எண் என்றால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கூப்பிட்டுவிடுவார்கள். இருபத்தெட்டு பேரில் நான்கு பேர் தாங்களாக வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்பதை டெல்ஃபினா யாருக்கும் விளக்கவில்லை.

புதிதாகச் சொல்ல ஏதாவது இருந்தால் ஒரு பக்கத்துக்குள் எழுதலாம் என்று கடிதத்தில் இருந்தது.

"விருது ஏதாச்சும் வாங்கினியா?" என்றார் மிஸ் கின்டானா.

"இல்ல மிஸ்."

"அப்ப என்னத்த எழுதப் போற?"

அவள் மூன்று வாரம் கழித்து எழுதினாள். ஐந்தாம் அறையில் காரைக் கடைசியில் சொன்ன பெண் நான்தான். எட்டு நிமிடம்தான் என்று தெரிந்துதான் உள்ளே போனேன். ஆனாலும் சொல்ல முடியவில்லை. அதனால் எங்கள் கிளினிக்கில் கடிகாரத்தை வைத்துப் பழகினேன். வருகிறவர்களிடம் குடும்பத்தைப் பற்றி இரண்டு கேள்வி, பிறகு நேராக விஷயம். பத்தொன்பது பேரிடம் செய்து பார்த்தேன். எட்டு நிமிடத்துக்குள் முடிகிறது. மூன்று பேர் என்னோடு பேசுவதில்லை. இவ்வளவுதான் கடிதம்.

அந்த மூன்று பேரில் ஒருவர் கிளியோஃபாஸ் கிழவர். அவர் சீட்டைப் படித்து, அவருக்குச் சர்க்கரை அதிகமாக இருக்கிறது, கண்ணைக் காட்டியே ஆக வேண்டும் என்று இரண்டாவது நிமிடத்திலேயே சொல்லிவிட்டாள். அவர் எழுந்து ஓர்லிண்டாவிடம் போய், "உன் மகளுக்கு யார்மேல என்ன கோபம்?" என்று கேட்டுவிட்டு நடந்தார். கண்ணைக் காட்டிக்கொண்டார். அதைப் பற்றி டெல்ஃபினாவிடம் சொல்லவில்லை.

ஏப்ரலில் வாய்க்கால் தூர் வாரும் நாள் வந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு நிற்க வேண்டும். அப்பா இல்லாத வீடு என்பதால் டெல்ஃபினா பன்னிரண்டு வயதிலிருந்து நிற்கிறாள். மணியக்காரர் கோலால் அளந்து ஆளுக்கு ஒரு பங்கு பிரித்து விடுவார். பங்கு முடிந்தால்தான் கரையேறலாம். பத்து மணிக்கு அவள் சட்டைப் பையில் போன் அடித்தது. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். ஓர் இடம் காலியாகியிருக்கிறது, திங்கட்கிழமைக்குள் யோசித்து...

"வர்றேன்," என்றாள் டெல்ஃபினா.

"ஏதாச்சும் கேக்கணுமா?"

"இல்லைங்க."

அவள் போனைப் பையில் போட்டுவிட்டுக் கரையில் நின்றவரைப் பார்த்தாள். "மாமா, இடம் கெடச்சிருச்சு."

பெலார்மினோ அவளைப் பார்த்தார். பிறகு அவள் பங்கைப் பார்த்தார். "இன்னும் ஆறடி இருக்கு," என்றார். சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டார். அவள் ஆறடியையும் வாரி முடித்தாள்.

மதியம் எல்லாரும் கரையில் உட்கார்ந்து பீன்ஸும் மிளகாய்க் குழம்பும் சாப்பிட்டார்கள். சட்டியைக் கொண்டுவந்த ஓர்லிண்டா விஷயம் தெரிந்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெலார்மினோ எல்லாருக்கும் கேட்கும்படி, "அடுத்த வருஷத்துலேருந்து இந்த வீட்டுக்கு எங்கக்காதான் மண்வெட்டி புடிப்பா," என்றார். செய்தியை அவர் அப்படித்தான் சொன்னார். எல்லாருக்கும் புரிந்தது.

கிளியோஃபாஸ் ஐந்து வாரத்துக்குப் பிறகு அவளோடு பேசினார். "எத்தன வருஷம்?"

"எட்டு. அப்புறம் பயிற்சி மூணு."

"அதுவரைக்கும் நான் சாகக் கூடாதா?"

"கூடாது."

அவர் மென்றுகொண்டே யோசித்தார். "குழம்ப இந்தப் பக்கம் தள்ளு," என்றார்.

ஆகஸ்டில் அவள் போனாள். முதல் வேதியியல் தேர்வில் அறுபத்தொன்று வந்தது. இடம் போய்விடும் என்று பயந்து, அந்த வருடம் கிறிஸ்துமஸுக்குக்கூட வரவில்லை. அதன் பிறகு குறையவில்லை. கிளியோஃபாஸ் ஆறாவது வருடத்தில் இறந்துபோனார். அவள் சனிக்கிழமை வந்து, அடக்கத்துக்கு நின்று, அவர் வீட்டில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை திரும்பினாள். திங்கட்கிழமை தேர்வு இருந்தது. எழுதித் தேறினாள்.